டஸ்டர் டீசல், 92,000 கி.மீ.: டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதம் முன்பு புதுச்சேரியில் ஒருவரிடம் 2014 மாடல் டஸ்டர் டீசல், 85 பி.எஸ்., வாங்கினேன். பி.ஒய். 01 பதிவு, இன்னும் டி.என். 31-க்கு மாற்றவில்லை, அது தனிக் கதை. மீட்டரில் இப்போது 92,400. வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில், தினமும் போய்வர ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும், திரும்பும்போது முள்ளோடையில் டீசல் போட்டுக்கொள்வேன், வண்டி இழுக்கிறது, மைலேஜும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வாரமாக இரண்டு சத்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் டிக் என்று ஒரு நிமிஷம் கேட்டு அப்புறம் அடங்கிவிடுகிறது. இன்னொன்று ஏசி போட்ட உடனே கிரீச் என்று ஒரு கத்தல், மழை பெய்த அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. செம்மண்டலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், "டைமிங் பெல்ட்டுதான் சார், உடனே மாத்துங்க" என்றார், அதாவது இன்ஜினில் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கிற பெல்ட். திருப்பாதிரிப்புலியூரில் இன்னொருவர், "ஓடுற வரைக்கும் ஓடட்டும், நல்லா இருக்கிற இன்ஜினை ஏன் பிரிக்கணும்" என்றார். வண்டி விற்றவரைக் கேட்டால், 70,000 கிலோமீட்டரில் வெளிப் பட்டறையில் கேட்ஸ் கம்பெனி பெல்ட் வாங்கிப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். பில் கேட்டேன், வீடு மாறியதில் தொலைந்துவிட்டதாம்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டும், அம்மாவும் வருகிறார்கள், வழியில் நின்றால் என் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெல்ட் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது அடையாளம் உண்டா? நானே பார்க்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

டிசையர்தாசன் (நெல்லிக்குப்பம்)

டீசல் வண்டிக்கு ஏதுங்க பெல்ட், எல்லாம் செயின்தான். என் டிசையர் 1,80,000 ஓடிவிட்டது, ஒன்றுமே தொட்டதில்லை. மெக்கானிக் உங்களை ஏமாற்றுகிறார். நிம்மதியாகத் திருப்பதி போய்வாருங்கள், லட்டு மறக்காதீர்கள்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (புதுச்சேரி)

தம்பி, முதலில் மேலே இருக்கிற பதிலை மறந்துவிடுங்கள். அவர் வண்டியில் இருப்பது 1.3 டீசல், அதற்குச் செயின் என்பது உண்மை. அதை வைத்து எல்லா டீசலும் செயின் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் டஸ்டரில் இருப்பது ரெனோவின் கே9கே 1.5 லிட்டர் இன்ஜின், அதில் பெல்ட்தான். நிஸான் டெரானோ, சன்னி டீசல், மைக்ரா டீசல் எல்லாவற்றிலும் இதே இன்ஜின் வந்தது. போலோ 1.5 டீசலும் பெல்ட். பழைய இன்னோவா டீசலும் பெல்ட். பெட்ரோலில் பழைய சான்ட்ரோ, பழைய 800 சிசி ஆல்டோ, இவையும் பெல்ட்.

மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இது விளம்பரம் இல்லை, அதனால் கடைப் பெயர் சொல்ல மாட்டேன்.

கிரீச் என்று கத்துவது டைமிங் பெல்ட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டைமிங் பெல்ட்டுக்குப் பல் உண்டு, அது புல்லியின் பல்லில் உட்கார்ந்து சுற்றுகிறது, வழுக்கினால்தானே கத்தும். கத்துவது வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றுகிற வரிவரியான பெல்ட், நாம் ஃபேன் பெல்ட் என்று சொல்வது. ஏசி போட்டால் பாரம் ஏறும், மழையில் ஈரம் படும், கத்தும். சோதிக்க வேண்டுமானால் கத்தும்போது அந்தப் பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அந்த நொடியே மாறினால் அதுதான் குற்றவாளி. லுங்கி கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற இன்ஜின் மேல் குனியாதீர்கள், ஒருவருக்குத் துண்டு போய்க் கையும் கூடவே போக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலை டிக் டிக் பெரும்பாலும் குளிர்ந்த டீசல் இன்ஜினின் இயல்பான தட்டல். ஆனால் சூடான பிறகும் பெல்ட் கவர் பக்கமிருந்து ஙொய்ங் என்று ஒரு முனகல், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறினால், அது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளை) பேரிங்காகவோ வாட்டர் பம்ப் பேரிங்காகவோ இருக்கலாம். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கவர் அருகே இரும்பில் அழுத்தி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரிதான்.

இப்போது விற்றவர் சொன்னது உண்மையா என்று பார்க்கிற வழி. டஸ்டரில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் யாராலும் மாற்ற முடியாது. எனவே பெல்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மவுண்ட் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டில் மூலை கொஞ்சம் மினுங்கும், பெயிண்ட் உரிந்திருக்கும், வாஷர் பழைய தடத்திலிருந்து நகர்ந்திருக்கும். பத்து வருஷ அழுக்கும் பெயிண்ட்டும் போல்ட்டிலிருந்து மவுண்ட் வரை ஒரே படலமாக, உடையாமல் ஒட்டியிருந்தால், அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். பில் தொலையலாம், இந்தத் தடம் தொலையாது.

அடுத்து மேல் கவர். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கவரை எடுத்து டார்ச் அடியுங்கள். பெல்ட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும், கேட்ஸா வேறா என்று அதிலேயே தெரியும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? பல்லின் அடியில், பல்லும் பெல்ட்டும் சேரும் மூலையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? முதுகு கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா, நகத்தால் அழுத்தினால் தடம் விழாமல் மரத்துக் கிடக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? எண்ணெய் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். கிராங்க் சீலோ கேம் சீலோ, அதாவது பிஸ்டனை ஓட்டுகிற தண்டிலோ வால்வைத் திறக்கிற தண்டிலோ எண்ணெயைத் தடுக்கிற வளையம், கசிகிறது, எண்ணெய் குடித்த ரப்பர் ஊறிப் பல் உதிரும். கூலன்ட் காய்ந்த உப்புப் பொருக்கு மாதிரி அடியில் தெரிந்தால் வாட்டர் பம்ப் கசிகிறது, உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான்.

ஒரு இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெல்லத் திருப்பி முழு நீளத்தையும் பாருங்கள். எதிர்த்திசையில் திருப்பக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நல்லா கேளுங்கள்: பெல்ட் பார்க்க நன்றாக இருப்பதால் அது நல்ல பெல்ட் ஆகிவிடாது. பழைய காலத்து ரப்பர் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போதைய பெல்ட்டின் ரப்பர் கடைசி நாள் வரை கறுப்பாக அழகாகவே இருக்கும், உள்ளே இருக்கிற கண்ணாடி இழை நூல்தான் களைத்துப் போகும், அதை எந்த டார்ச்சிலும் பார்க்க முடியாது. அதனால்தான் மேனுவலில் கிலோமீட்டர், வருஷம் இரண்டும் போட்டிருக்கிறார்கள், எது முதலில் வருகிறதோ அது. 60,000-இல் மாற்றச் சொல்கிற பழைய வண்டியும் உண்டு, 1,50,000 தாங்கும் என்று எழுதிய வண்டியும் உண்டு, உங்கள் மேனுவலைப் பாருங்கள். கிலோமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். நெல்லித்தோப்பு சிக்னலிலும் இந்திரா காந்தி சிலை பக்கமும் ஏசி போட்டு நிற்கிற நேரத்தில் மீட்டர் ஓடாது, பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஈசிஆர் ராத்திரி (முத்தியால்பேட்டை)

அண்ணன் சொன்னதில் கடைசி வரி எனக்கு நடந்தது. வண்டி எது என்று சொல்லவில்லை, தப்பு வண்டி மேல் இல்லை, என் மேல்தான். எட்டு வருஷம், 71,000 கிலோமீட்டர். "இன்னும் நிறைய இருக்குப்பா" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், மரக்காணம் உப்பளம் தாண்டி, மணி பதினொன்றுக்கு மேல். எந்தச் சத்தமும் இல்லை, எந்த விளக்கும் எரியவில்லை. எண்பதில் போகிறேன், டப் என்று ஒரு அடி, அதுவும் ரொம்பப் பெரிதாக இல்லை, ரோட்டில் கல் பட்டு அடியில் தட்டின மாதிரி. அடுத்த நொடி இன்ஜின் இல்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, பிரேக் இரண்டு மிதிக்கு அப்புறம் மரக்கட்டை. எப்படியோ ஓரம் கட்டினேன்.

சாவியைத் திருப்பினேன், அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் கர்ர் கர்ர் என்று பாரத்தோடு சுற்றுகிற ஸ்டார்ட்டர், விர்ர்ர் என்று தையல் மிஷின் மாதிரி லேசாகச் சுற்றியது. கம்ப்ரஷனே இல்லை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தவே இல்லை. எனக்கு அப்போது அது புரியவில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுத் திரும்பத் திரும்ப அடித்தேன். டீக்கடைக்காரர் ஒருவர் நல்ல மனசோடு இரண்டு பேரைக் கூட்டி வந்து தள்ளியும் விட்டார், இரண்டாவது கியரில் விட்டுப் பார்த்தோம். உள்ளே மிச்சம் மீதி இருந்ததையும் நானே முடித்துவைத்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

பதினாறு வால்வில் பதினொன்று வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் பிறை நிலா மாதிரி வரிசையாக அடிபட்ட தடம். சிலிண்டர் ஹெட் லேத் பட்டறைக்குப் போய் வந்து, வண்டி கைக்கு வர இருபத்தாறு நாள், மொத்தம் 68,000 ரூபாய். பெல்ட்டை முன்பே மாற்றியிருந்தால் அப்போது கேட்ட ரேட் பன்னிரண்டாயிரம்.

டிசையர்தாசன் (நெல்லிக்குப்பம்)

சரி, நான் சொன்னது தப்பு, வாபஸ். ஆனால் ஒரு சந்தேகம், பெல்ட் அறுந்தால் வால்வு ஏன் வளைய வேண்டும்? இன்ஜின் நின்றுதானே போகும்?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (புதுச்சேரி)

பிஸ்டன் ஏறி இறங்குவது கிராங்கால், வால்வு திறந்து மூடுவது கேமால். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, இந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் அங்கேயே நிற்கும், சில வால்வு திறந்த நிலையிலேயே தொங்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே, சக்கரம் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பிஸ்டன் மேலே வந்து தொங்குகிற வால்வை இடிக்கும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம், மேலே வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடமே இருக்காது. அதனால்தான் ஈசிஆர் தம்பி தள்ளி ஸ்டார்ட் செய்ததைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எல்லா இன்ஜினும் இப்படி இடிக்காது, இடம் விட்டுச் செய்த இன்ஜின்களும் உண்டு, ஆனால் இன்றைய டீசலில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

உங்கள் செயினும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றினால் செயின் நீளும், காலை ஸ்டார்ட்டில் சங்கிலி குலுக்கின மாதிரி சலசலக்கும். அதுவாவது சத்தம் போட்டுச் சொல்கிறது.

ஆல்பேட்டை (கடலூர்)

ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடாதா? இரண்டாவது கேள்வி, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது என் வண்டி சக்கரம் முழுக்கத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்ஜின் ஸ்டார்ட் செய்யவே இல்லை, உடனே ஆயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பெல்ட்டையும் பார்க்க வேண்டுமா?

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (புதுச்சேரி)

தேய்ந்த பெல்ட்டை ஸ்கேனர் காட்டாது. பெல்ட் ஒரு பல் இரண்டு பல் தாண்டி டைமிங் அவுட் ஆன பிறகு பி0016 மாதிரி கோடு வரலாம், கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று. ஐட்லிங் ஆடும், இழுவை குறையும், புகை வரும். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, ஆமாம், கண்டிப்பாகப் பாருங்கள். டைமிங் கவர் தூசிக்குத்தான் தடுப்பு, தண்ணீருக்கு இல்லை. வண்டல் மண் கீழ்க் கவருக்குள் தங்கி, காய்ந்து, பல்லுக்கும் புல்லிக்கும் நடுவில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். டென்ஷனர் பேரிங்கின் கிரீஸும் கெட்டிருக்கும். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் புதுச்சேரியில் தண்ணீரில் நின்ற வண்டிகள் கைமாறியது எனக்குத் தெரியும், எனவே கெடிலக்கரை தம்பியும் சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்ப்பெட் அடியில் சேறு இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.

இன்னோவா டிரிப்ஸ் (பண்ருட்டி)

பழைய இன்னோவா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு வரும். பலர் அது பெல்ட்டைப் பார்த்து எரிகிறது என்று நினைக்கிறார்கள். அது வெறும் கிலோமீட்டர் கணக்கு, உள்ளே பெல்ட் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை ரீசெட் செய்துவிடலாம், செய்தும் விடுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் விளக்கு எரியவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன், எனக்கு நேரமும் கிலோமீட்டரும் நோட்டில் இருக்கும், விளக்கை நம்புவதில்லை.

ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல் வைத்திருப்பவர்களே, உங்கள் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிற வகை, இங்கே சொன்ன டார்ச் வைத்தியம் உங்களுக்குப் பொருந்தாது. மேனுவலில் சொன்ன ஆயில் தவிர வேறு ஊற்றாதீர்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை டார்ச் பிடிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஃபேன் பெல்ட்டில் தண்ணீர் தெளித்தேன், கிரீச் இரண்டு நொடி அப்படியே நின்று மறுபடி ஆரம்பித்தது. சரி, அது ஒன்று முடிந்தது.

மவுண்ட் போல்ட். மூன்றிலும் அழுக்கு கேக் மாதிரி படிந்திருந்தது, ஒரே படலம், ஸ்பேனர் பட்ட மினுக்கம் எங்கேயும் இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இத எவனும் தொடலடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மேல் கவரை எடுத்தேன். அண்ணே, பெல்ட் பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது, வெடிப்பு இல்லை, பிசிர் இல்லை, நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் மூடிவைத்துவிட்டுத் திருப்பதி கிளம்பியிருப்பேன். முதுகில் எழுத்து பாதி அழிந்திருந்தது, ஆனால் ரெனோவின் வைர முத்திரை தெளிவாகத் தெரிந்தது. கேட்ஸ் இல்லை. அதாவது தொழிற்சாலையில் போட்ட அதே பெல்ட்.

மறுநாளே பட்டறையில் விட்டேன். மாற்றும்போது டைமிங் நகராமல் பூட்டிப் பிடிக்கிற லாக்கிங் பின் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். மார்க்கர் பேனாவில் கோடு போட்டுக்கொண்டு மாற்றிவிடலாம் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள், பயந்து வந்துவிட்டேன். கழற்றிய பெல்ட்டை அவர் கையில் வாங்கிப் பல் வெளியே தெரிகிற மாதிரி பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு, பல்லுக்குப் பல் அடியில் வரிசையாக வாய் திறந்தது. டென்ஷனரை விரலால் சுற்றச் சொன்னார். புதியது சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் கொஞ்சத்தில் நின்றது, பழையது கடகடவென்று ரொம்ப நேரம் சுற்றியது. நான் பழையதுதான் நன்றாகச் சுற்றுகிறது என்றேன், கடையில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து போனதால்தான் அப்படிச் சுற்றுகிறதாம்.

கிராங்க் சீலும் லேசாக ஈரம். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், சீல், ஃபேன் பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 16,200 ஆனது. மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று திருப்பி, லாக்கிங் பின் மறுபடி துளையில் உட்காருகிறதா என்று பார்த்தார். காலை டிக் டிக் இன்னும் இருக்கிறது, அது டீசலின் குணம் என்று விட்டுவிட்டேன்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (புதுச்சேரி)

கையால் சுற்றிப் பார்த்தார் என்றால் ஆள் வேலை தெரிந்தவர், அவரை விடாதீர்கள். இன்றைய தேதியும் மீட்டர் கணக்கும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கவர் மேல் ஒட்டுங்கள். பில்லை அலமாரியில் வைக்காதீர்கள், போன் எடுத்துப் படம் பிடியுங்கள். ஐநூறு கிலோமீட்டரில் கூலன்ட் அளவை ஒருமுறை பாருங்கள், திருப்பதி போவதற்குள் அது வந்துவிடும்.

ஈசிஆர் ராத்திரி (முத்தியால்பேட்டை)

விற்றவர் என்ன சொன்னார்?

கெடிலக்கரை (கடலூர்)

வளைத்த பெல்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, நான்கு நாள் ஆகிறது, பதில் இல்லை.